ரெனாத்தோ சோதினை பாஸ்

— காலை இழுக்காதையும், மலர். கொப்பளம் உடைஞ்சால் நாளைக்கு மூண்டாம் மாடிப் படி ஏறமாட்டீர்.

— சுடுதப்பா! உது தண்ணியோ, கஞ்சி வடிச்ச பானையோ?

— இளஞ்சூடுதான். உப்புப் போட்டுக் கிடக்கு. ஆர் உம்மை இந்த ஆவணி வெயிலிலை மலை ஏறச் சொன்னது, அதுகும் வெறுங்காலோடை? மேலை பஸ் போகுதுதானே.

— பஸ்ஸிலை போனால் அது நேர்த்தியோ? ரெனாத்தோ சோதினை பாஸ் பண்ணினால் வெறுங்காலோடை வாறனெண்டு பலெர்மோவைக் காக்கிற சந்த ரொசாலியாவுக்குச் சொல்லிப்போட்டன். சொன்னால் செய்யவேணும். போன ஐப்பசி ஊரிலை சனமெல்லாம் வீடுவாசலை விட்டு வெளிக்கிடேக்கை அம்மாவுக்கும் நேர்த்தி வைச்சனான், அம்மா சாவகச்சேரிக்கு உயிரோடை வந்து சேரேல்லையோ?

— அது சரி.

— மலையிலை பாதிச்சனம் எங்கடை சனம். நாகபூசணி அக்கா கேக்கிறா, "உன்ரை எந்தப் பிள்ளையடி சோதினை எடுத்தது?" எண்டு. என்ரை பிள்ளையில்லை அக்கா, நான் வேலை செய்யிற சிஞ்ஞோராவின்ரை மோன், முப்பத்துமூண்டு வயசு எண்டன். அவ சிரிச்ச சிரிப்பிலை கையிலை இருந்த மெழுகுதிரி நூந்துபோச்சு.

— அது சரி.

— என்ன, வந்த நேரம் துவக்கம் உந்த "அது சரி"தான் சொல்லுறியள்? கேசரியும் தொடேல்லை. அவன் பாஸ் பண்ணினதுக்கெண்டு முந்திரிகைவத்தல் போட்டுக் கிண்டினது. எனக்கு அவனை வழியனுப்பக்கூடக் குடுத்துவைக்கேல்லை. நீங்களாவது வாசல் காவலிலை நிண்டனீங்கள்தானே, சொல்லுங்கோவன். எப்பிடிப் போனவன்?

— தமையன் கார் கொண்டந்தவன். சாமானை நான்தான் ஏத்தினனான். அந்தப் பெரிய பை ஒரு ஆளின்ரை பாரம். கத்தி வைச்ச சப்பாத்து, தலைக்கவசம், நெஞ்சிலை கட்டுறது, முழங்காலிலை கட்டுறது. தடி மூண்டையும் ஒரு துணியாலை சுத்தித் தானே தோளிலை வைச்சுக்கொண்டு வந்தவன்.

— சிரிச்சுக்கொண்டு போனவனோ?

— சிரிச்சவன்.

— பாத்தியளே! சித்திரையிலை வந்து இறங்கேக்கை எப்பிடி வந்தவன்? வெளிச்சம் பட்டால் சத்தி. ஒரு மோட்டச்சைக்கிள் தெருவாலை போனால் தலையைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழை. இப்ப தடியைத் தோளிலை வைச்சுக்கொண்டு திரும்ப விளையாடப் போறான். பவோரிதா மைதானத்திலை பந்தடி பாக்கிற சனம் கத்துற சத்தம் கேட்டால், தன்ரை மட்ச் எண்டு நினைச்சு ஓடிப்போய்ச் சப்பாத்துப் போடுவான், ஞாபகமிருக்கோ? அந்தக் கத்திச் சப்பாத்தோடை சிஞ்ஞோராவின்ரை மாபிள் நிலத்திலை நடந்து, கீறின கீறு இன்னும் கிடக்கு. அதெல்லாம் நிண்டுபோச்சு.

— பந்தடி வைகாசியோடை முடிஞ்சுது, மலர். சத்தம் இல்லை. அதுதான் அவனும் சப்பாத்தைத் தேடேல்லை.

— என்னப்பா கதைக்கிறியள்?

— பொறும். நான் ஒண்டு கேக்கிறன். அங்கை அவன்ரை வேலை என்னெண்டு உமக்குத் தெரியுமோ?

— ஏன், ஐஸ் ஹொக்கி. ஐஸிலை சறுக்கிச் சறுக்கி அந்தக் கறுத்த வட்டை அடிச்சுக் கோல் போடுறது.

— கோல் போடுறது வேறை ஆள். மெல்லிசான, நல்ல வேகமான பெடியன் ஒருத்தன். அவனிலை ஆரும் கை வைச்சால் ரெனாத்தோ போகவேணும். கையுறையைக் கழட்டி எறிஞ்சுபோட்டு, கை வைச்சவனைப் போட்டு அடிக்கவேணும். அதுதான் அவன்ரை வேலை. சம்பளமே அதுக்குத்தான்.

— விசர்க்கதை! மத்தியஸ்தர் இல்லையோ?

— நிக்கிறார். பக்கத்திலை நிண்டு பாத்துக்கொண்டு நிப்பார். ஒருத்தன் விழுந்தாப்பிறகுதான் பிரிப்பார். பேந்து ரண்டு பேரையும் ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள்ளை கொஞ்ச நேரம் இருத்திவைப்பார், பள்ளிக்கூடத்திலை வாங்கிலை ஏத்திவிடுற மாதிரி. நேரம் முடிஞ்சால் திரும்ப இறக்கிவிடுவார். நீர் அவன்ரை மட்ச் வீடியோக் கசெற் பாக்கேல்லை. நான் பின்னேரங்களிலை அவனோடை இருந்து பாத்தனான்.

— இரத்தம் வருமெண்டு சொன்னான். அதுதான் நான் பாக்கேல்லை.

— வரும். ஐஸிலை விழுந்தால் வடிவாய்த் தெரியும். ஒரு ஆள் வந்து சுரண்டி எடுத்துப்போட்டுப் போவார். ஒரு கசெற்றிலை அவன் அடிவாங்கி விழுறான், விழுந்து எழும்பி, ஆக்கள் இருக்கிற பக்கம் கையைக் காட்டுறான். எல்லாரும் எழும்பி நிண்டு அவன்ரை பேரைச் சொல்லிப் பாடுதுகள். நான் கேட்டன், "என்ன பாடுதுகள்?" தெரியாதாம். இத்தாலி எண்டாலும் அந்த வடக்கு மலையூரிலை சனம் ஜேர்மன்தானே கதைக்கிறது. ஒன்பது வருசம் விளையாடினவன், தன்ரை பாட்டு என்னெண்டு தெரியாது.

— அது அவன் பாவம்தான். தேப்பன் கனடாவிலை கல்லுக் கட்டின மனிசன். பிள்ளை நாலு வயசிலை ஐஸிலை ஓடுறதைப் பாத்துப்போட்டு, இவன் கல்லுச் சுமக்கத் தேவையில்லை எண்டாராம். பதினேழிலை பள்ளிக்கூடத்தை விட்டிட்டான். பெரிய சங்கம் ஒண்டு கூப்பிட்டு, ஒரு மாரி முடியமுந்தித் திருப்பி அனுப்பிப்போட்டுது. பேந்து சின்னச் சின்ன ஊரெல்லாம் பஸ்ஸிலை அலைஞ்சு, தாய் தேப்பன் பலெர்மோ எண்டபடியால் இத்தாலிக்கு விளையாட வந்தான். தேப்பன் செத்தாப்பிறகு சிஞ்ஞோராவும் தன்ரை ஊரோடை வந்திட்டா. எல்லாம் எனக்குச் சொன்னவன். வேறை ஒண்டும் அவனுக்குத் தெரியாதப்பா. ஒரு முட்டை பொரிக்கத் தெரியாது. அவனை அதுக்குள்ளை விடாமல் வேறை என்ன செய்யிறது?

— மாசியிலை அந்தக் கடைசி அடி. மரவேலியோடை தலை மோதி விழுந்தது. அதையும் கசெற்றிலை பாத்தனான். அவன் பக்கத்திலை இருந்து பாக்கிறான், ஆரோ வேறை ஆள் விழுறமாதிரி. "பாவம், ஆர் இந்தப் பெடியன்?" எண்டு என்னட்டைக் கேட்டவன்.

— அது வந்த புதுசிலை.

— ஓம். வந்த புதுசிலை. தலையைப் பாத்த டொத்தோரே அப்ப என்ன சொன்னவர்? நீர்தானே கேட்டுக்கொண்டு வந்து சொன்னனீர்.

— தலை சுகம் வராமல் இன்னொரு அடி விழுந்தால் எழும்பமாட்டான் எண்டவர். சுகம் வராமல் விழுந்தால்! அதுக்குத்தானே சோதினை வைச்சுப் பாக்கிறது. ரண்டு தரம் பெயில் விட்டவர், மூண்டாந்தரம் பாஸ். மண்டையோட்டுக்குள்ளை என்ன நடக்குதெண்டு டொத்தோரேக்குத் தெரியாதோ, வாசல்லை இருக்கிற உங்களுக்குத் தெரியுமோ?

— எனக்குத் தெரியாதுதான். சோதினையிலை என்ன கேட்டவர்?

— எத்தினை தரம் சொல்லிப்போட்டன்! ரண்டாம் முறையும் பெயில் எண்டு வந்து குசினிக் கதிரையிலை இருந்து அழுதவன். அவ்வளவு பெரிய உடம்பும் குலுங்கினது. என்ன கேட்டவர் எண்டு கேட்டன், தெரியேல்லை எண்டான். பேந்து சிஞ்ஞோராதான் சொன்னவ. முதலிலை மூண்டு சொல்லுச் சொல்லுவாராம்: மேசை, எலுமிச்சம்பழம், தோணி. பேந்து வேறை கதையெல்லாம் கதைச்சுப்போட்டு, அந்த மூண்டையும் திருப்பிக் கேப்பாராம். மாதங்களை மார்கழியிலை இருந்து பின்னாலை சொல்லவேணும். ஒற்றைக்காலிலை நிக்கவேணும். ரண்டு முறையும் அதே கேள்வி, அதே மூண்டு சொல்லு.

— ரண்டு முறையும் அதே.

— அதேதான்! எனக்கெண்டால் சிரிப்பு. பேப்பர் முழுக்க வெளியிலை வந்திட்டுது, இனி என்ன பயம்? எங்கடை பிள்ளை துசானியை ஐஞ்சாம் வகுப்பு ஸ்கொலசிப் பாஸ் பண்ண வைச்சது ஆர்? நிரோசினி இத்தாலியன் ஒரு எழுத்துத் தெரியாமல் பள்ளிக்கூடம் போய், அந்த வருசமே வகுப்பேறினது ஆராலை? கோப்பி குடிச்ச கையோடை துவங்குவன். மேசையிலை ஓங்கித் தட்டுவன்: மேசை. பழத்தை எடுத்துக் கையிலை குடுப்பன்: எலுமிச்சம்பழம். சுவரிலை மொன்டெல்லோக் கடல் போட்ட கலண்டர்: தோணி. சத்தமாய்ச் சொல்லு எண்டுவன். மாதங்களை வாய்ப்பாட்டு ராகத்திலை பழக்கினன். ஒற்றைக்காலுக்கு, அந்த ஆணியைப் பாத்துக்கொண்டு நில் எண்டன். ஒண்டு பிழைச்சால் திரும்ப முதலிலை இருந்து. முதல்கிழமை ஒண்டும் ஏறேல்லை. நான் விட்டனானோ? பேந்து கிளி மாதிரிச் சொன்னான். எங்கடை தெலிபோன் நம்பரையும் அதே ராகத்திலை பாடமாக்கிக் குடுத்தனான், அந்தரம் ஆபத்துக்கு எடுக்கட்டுமெண்டு.

— வேறை சொல்லுக் குடுத்துப் பாத்தனீரோ?

— என்ன?

— மேசைக்குப் பதிலாய்க் கதிரை. தோணிக்குப் பதிலாய் பஸ். அப்பிடி ஏதும் குடுத்து, கொஞ்சம் பொறுத்துத் திருப்பிக் கேட்டனீரோ?

— ஏன் கேக்கவேணும்? சோதினையிலை வராததைப் படிப்பிச்சால் பிள்ளை குழம்பும்.

— அது சரி. மலர், டொத்தோரே கேட்டது பாடமோ?

— வேறை என்ன?

— தலை ஒரு புதுச்சொல்லைப் பிடிச்சு வைச்சிருக்குதோ எண்டு பாக்கத்தானே கேட்டிருப்பார். பிடிக்காத தலைக்குள்ளை நீர் ஆணி அடிச்சு மாட்டி அனுப்பியிருக்கிறீர். பாஸ் பண்ணினது ஆர்? அவனோ, நீரோ?

— சும்மா இருங்கோ! உங்களுக்கு எப்பவும் நல்லது நடந்தால் வயித்தாலை போகும்.

— அப்பிடி இல்லை, மலர்...

— டொத்தோரே சிஞ்ஞோராவுக்குக் கை குடுத்தவராம். சிஞ்ஞோரா வந்து என்னைக் கட்டிப்பிடிச்சவ, தெரியுமோ? "மாலா, நீ என் மகனைத் திருப்பித் தந்தாய்" எண்டவ. மலர் எண்டு அவவின்ரை வாயிலை வராது. இத்தனை வருசத்திலை அவ என்ரை கையைக்கூடத் தொட்டதில்லை. பாஸான வெள்ளிக்கிழமை முழுநாளும் சமைக்க விடேல்லை என்னை. அதுக்கு முதல்நாள்கூட நானும் அவனும் சிரிச்ச சிரிப்பு...

— ஏன், முதல்நாள் என்ன?

— ஒண்டுமில்லை. போர்கோ வெக்கியோச் சந்தைக்கு அனுப்பினனான். பாணும், பாலும், கொஞ்சம் துளசியும் வாங்கிக்கொண்டு வா எண்டு. வெறும் எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு வந்து நிக்கிறான். திரும்பவும் அனுப்பினன். திரும்பவும்...

— திரும்பவும்?

— எலுமிச்சம்பழம். ஏன் அப்பிடிப் பாக்கிறியள்? படிப்பு மண்டைக்குள்ளை நிண்டிருக்கு. அதாலை வந்த பகிடி அது. நானும் சிரிச்சன், அவனும் சிரிச்சான். என்னப்பா? வாயைத் திறந்து சொல்லுங்கோ. காலமை வாசல்லை ஏதோ நடந்திருக்கு. எனக்கு முகத்தைப் பாக்கத் தெரியும்.

— கார்க்கதவைத் திறந்துவிட்டனான். ஏற முந்தி நிண்டு எனக்குக் கை தந்தவன். "நீ நல்ல மனிதன் போலிருக்கிறது, இந்தக் கட்டிடத்துக்கு எப்போது வேலைக்கு வந்தாய்?" எண்டு கேட்டவன்.

— பகிடிக்கு!

— நானும் பகிடியெண்டுதான் சிரிச்சன். அவனும் சிரிச்சவன். சிரிச்சதெண்டு சொன்னனான்தானே, அது அந்தச் சிரிப்பு. தெரியாத ஆளுக்கு மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு. சித்திரையிலை இருந்து நான்தானே அவனுக்குச் சவரம் எடுத்துவிடுறது, மலர். கன்னத்திலை இருக்கிற தையல் எல்லாம் எனக்குப் பாடம்.

— கடவுளே. தமையன் கேக்கேல்லையோ?

— அவன் கையிலை திறப்பைச் சுத்திக்கொண்டு, ரயிலுக்கு நேரமாகுது எண்டான்.

— நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ?

— என்னத்தைச் சொல்லுறது, என்ன பாஷையிலை சொல்லுறது? "நல்லாயிருக்கிறான்" எண்டு டொத்தோரே எழுதிக் குடுத்திட்டார். கதவைத் திறக்கிறதும் மூடுறதும்தான் என்ரை வேலை. திறந்துவிட்டன், ஏறினான், மூடினன்.

— அந்தத் துவாயைத் தாங்கோ. நான் சிஞ்ஞோராவோடை கதைக்கவேணும். மேலை ஏற ஏலாது, மேல்வீட்டோடை கதைக்கிற உந்தச் சித்தோபோனோவிலை மூண்டாம் மாடிக்கு அமத்துங்கோ.

— யோசிச்சுக் கதையும்.

— அமத்துங்கோப்பா! ... சிஞ்ஞோரா? நான் மாலா. கீழேயிருந்து.

— மாலா, இன்று உனக்கு ஓய்வல்லவா? மலைக்குப் போய்விட்டு வந்தாயா? என் மகனுக்காகவும் ஒரு திரி ஏற்றினாயா?

— ஏற்றினேன், சிஞ்ஞோரா. சிஞ்ஞோரா, ரெனாத்தோவைத் திருப்பிக் கூப்பிடவேண்டும். அவனுக்குச் சுகம் வரவில்லை. அந்த மூன்று சொற்களை நான்தான்... நான் தினமும் சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். வேறு சொல் கேட்டால் அவனுக்குத் தெரியாது. என் கணவரை யாரென்று கேட்டிருக்கிறான்.

— மூன்று மாதம் அவனோடு இருந்து படிப்பித்தது நீ. அவன் தேறிவிட்டான் என்று இந்தக் குசினியில் துள்ளியதும் நீ. இப்போது என் மகன் பைத்தியம் என்கிறாயா?

— அப்படிச் சொல்லவில்லை, சிஞ்ஞோரா. டொத்தோரேயை இன்னொரு தரம், வேறு கேள்வியோடு...

— டொத்தோரே விடுமுறையில் போய்விட்டார். மாலா, கேள். யன்னலைப் பூட்டிக்கொண்டு ஒரு அறைக்குள் கிடந்தானே, அதற்குப் பெயர் உயிரா? அங்கே அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது. வெரோனாவில் சங்கத்து ஆள் வந்து அவனைக் கூட்டிப்போவான். நான் தாய். எனக்குத் தெரியாதா?

— தெரியும், சிஞ்ஞோரா. ஆனால் தலையில் அடி...

— செவ்வாய்க்கிழமை நீ இந்த நாட்டில் இருப்பதற்கான பெர்மெஸ்ஸோவுக்காக உன்னோடு பொலிஸ் குவெஸ்தூராவுக்கு வருகிறேன் என்றேன். நான் மறக்கவில்லை. நீயும் அமைதியாக இரு. காலில் எண்ணெய் பூசு.

— வைச்சிட்டாவோ?

— வைச்சிட்டா. காலுக்கு எண்ணெய் பூசட்டாம்.

— செவ்வாய்க்கிழமையை ஞாபகப்படுத்தினவவோ?

— ஓம். வடிவாய், அன்பாய் ஞாபகப்படுத்தினவ. இஞ்சேருங்கோ, தமையனுக்கு எடுப்பமோ?

— நீர் கதைக்கேக்கை யோசிச்சனான். அவன் குடும்பத்தோடை கடலுக்குப் போட்டான். போகேக்கை எனக்கு முன்னாலைதான் குடையைக் காரிலை ஏத்தினவன்.

— சங்கத்துக்கு?

— நம்பர் மேலை சிஞ்ஞோராவின்ரை அலுமாரி லாச்சிக்குள்ளை. எடுத்தாலும் அங்கை ஜேர்மன். "உங்கடை ஆளை ஐஸிலை விடாதையுங்கோ" எண்டு வீட்டுவேலைக்காரி சொன்னால் கேப்பினமோ? டொத்தோரேன்ரை கடுதாசியை நம்புவினமோ, உம்மை நம்புவினமோ?

— ஸ்ரேசனுக்கு? பொலிசுக்கு?

— "முதல் உன்ரை பெர்மெஸ்ஸோவைக் காட்டு" எண்டுவான்.

— அப்ப என்னதான் செய்யிறது?

— எனக்குத் தெரியேல்லை, மலர்.

— நீங்கள் அப்பிடிச் சொல்லாதையுங்கோ. நீங்கள் "பொறும்" எண்டாவது சொல்லுங்கோ.

— பொறும்.

— அப்பிடி ஒண்டும் நடக்காது, என்ன? சிஞ்ஞோரா சொல்லுறதிலையும் ஞாயம் இருக்கு. பெத்தவவுக்குத் தெரியாததோ? காலமை அந்தரத்திலை உங்களை மாறிக் கேட்டிருப்பான். பயணம் போற ஆக்களுக்கு அப்பிடித்தான். நானும் கொழும்பிலை பிளேன் ஏறேக்கை என்ரை பேரையே மாறிச் சொன்னனான். எலுமிச்சம்பழம்... அது என்னைச் சிரிக்கவைக்கச் செய்ததாயும் இருக்கலாம். சந்த ரொசாலியா கைவிடமாட்டா. நான் நடந்த நடை வீண்போகாது.

— அது சரி.

— கேசரியைச் சாப்பிடுங்கோ. எனக்காண்டி ஒரு கரண்டி.

— தாரும்... பொறும். தெலிபோன் அடிக்குது.

— எடுங்கோ.

— நீர் எடும். கிட்டத்தானே கிடக்கு.

— புரொந்தோ?

— மாலா? ரெனாத்தோ பேசுகிறேன்.

— ரெனாத்தோ! இஞ்சேருங்கோ, ரெனாத்தோ! தானாய் எடுக்கிறான்! எங்கடை நம்பர் ஞாபகமிருக்கு, என்ரை பேர் ஞாபகமிருக்கு! என்னவோ சொன்னியள், இப்ப என்ன சொல்லுறியள்?

— எங்கை நிக்கிறானெண்டு கேளும்.

— கேக்கிறன், கேக்கிறன். ரெனாத்தோ, ராசா, சாப்பிட்டாயா? ரயிலில் நல்ல இடம் கிடைத்ததா?

— ரயில் இல்லை, மாலா. இறங்கினேன். அது போய்விட்டது.

— போய்விட்டதா? உன் பை? தடிகள்?

— ரயிலில்.

— என்னவாம்? மலர், என்னவாம்?

— இறங்கிட்டானாம். ரயில் போட்டுதாம், சாமானோடை. பொறுங்கோ. ரெனாத்தோ, நல்லது, மிகவும் நல்லது. இறங்கியது நல்லது. அங்கேயே நில். நாங்கள் வந்து கூட்டிவருகிறோம். பக்கத்தில் யாராவது இருந்தால் தெலிபோனைக் கொடு.

— எல்லோரும் ஓடுகிறார்கள். சத்தமாக இருக்கிறது. காசு விழுகிறது, மாலா, உள்ளே காசு விழுந்துகொண்டே இருக்கிறது.

— பெயர்ப்பலகையைப் பாக்கச் சொல்லும்! கெதியா!

— ரெனாத்தோ, கேள். மேலே பார். நீல நிறப் பலகை இருக்கும். அதை வாசி. காசு முடிய முன்னம் சொல்லு. நீ எங்கே நிற்கிறாய்?

— சொல்கிறேன், டொத்தோரே. மேசை, எலுமிச்சம்பழம், தோணி. மாதங்களையும் பின்னாலிருந்து சொல்லட்டுமா?